ஒரே தொண்டையில் இரண்டு குரல்கள்

தகாஷி ஒகாசாகி பதின்பருவத்தில் டிஷ்யூ காகிதப் பெட்டிகளின் மேல்கூடப் படம் வரைந்துகொண்டிருந்தவர். ஜப்பானின் கனகாவாவில் 1974-இல் பிறந்தவர். அமெரிக்காவின் சோல் இசையும் ஹிப்-ஹாப்பும் அவரைப் பிடித்து ஆட்டின. அந்த இசைக்காரர்களின் சாயலில் மனிதர்களை வரைந்தார். சாமுராய்களும் அவருக்குப் பிடிக்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே உடம்பில் வந்து நின்றன: இடுப்பில் நீண்ட வாள், தலையில் விரிந்து படர்ந்த சுருள்முடி, வாயோரம் புகை. 1998-இல் நண்பர்களோடு சேர்ந்து ‘நோ நோ ஹாவ்’ என்று ஒரு சிற்றிதழைத் தாங்களாகவே ஆரம்பித்தபோது அந்த மனிதனையே முன்னோட்ட இதழின் அட்டையில் போட்டார். 2002 வரை படக்கதையாக அவன் அதில் நடந்தான். கைக்காசு, சில நண்பர்கள், யார் படிப்பார்கள் என்று கவலைப்படாத பிடிவாதம். சிற்றிதழ் என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிற்றிதழ் நாயகன் 2007 ஜனவரியில் ‘ஆஃப்ரோ சாமுராய்’ என்ற ஐந்து பகுதித் தொடராக அமெரிக்காவின் ஸ்பைக் சேனலில் ஏறினான். டோக்கியோவின் கோன்சோ ஸ்டுடியோ தயாரிப்பு, ஃபுமினோரி கிசாகி இயக்கம், சாமுவேல் எல். ஜாக்சன் குரல், வூ-டாங் க்ளான் ராப் குழுவின் மூளையான ரிஸ்ஸாவின் இசை. இரண்டு ஆண்டு கழித்து, 2009 ஜனவரி 25 அன்று, ‘ஆஃப்ரோ சாமுராய்: ரெசரக்‌ஷன்’ முழுநீளப் படமாக வந்தது. அதன் கலை இயக்கத்துக்காக ஷிகெமி இகேடாவுக்கு எம்மி விருது கிடைத்தது. இந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் மனசு ஒரு காலத்தைத் தேடிப் போகிறது. படம் இன்றும் கிடைக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அதை உண்டாக்கிய காலம்தான் கிடைக்கவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் இரண்டு தலைப்பட்டைகள் உண்டு. ஒன்று என்று எழுதிய பட்டையைக் கட்டியவன் தெய்வத்துக்குச் சமம். அவனை எதிர்த்துச் சண்டையிடும் உரிமை, இரண்டு என்று எழுதிய பட்டையைக் கட்டியவனுக்கு மட்டும். ஆனால் அந்த இரண்டாமவனை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம், யார் வேண்டுமானாலும் கொல்லலாம். முதல் பட்டையைக் கட்டியிருந்த ரொக்குதாரோவை, ஜஸ்டிஸ் என்ற துப்பாக்கிக்காரன் மகன் கண்ணெதிரே தலையறுத்துப் பட்டையைப் பறிக்கிறான். அந்த மகன்தான் ஆஃப்ரோ. வளர்கிறான், வாள் கற்கிறான், இரண்டாம் பட்டையைப் பெறுகிறான். அதைப் பெற வளர்த்த ஆசானையே வெட்ட வேண்டியிருந்தது. கூடப் படித்த அநாதைப் பிள்ளைகள் அந்தப் பட்டைக்காக வந்த கூட்டத்தால் செத்துப்போகிறார்கள். பிறகு ஷூமி மலையை நோக்கி நடக்கிறான், வழியெல்லாம் பிணம்.

இதில் எந்த நூற்றாண்டு என்று கேட்டால் பதில் கிடையாது. வைக்கோல் கூரைச் சத்திரத்தில் கைப்பேசி ஒலிக்கும். துறவிகள் இயந்திர மனிதனைச் செய்வார்கள். கொலைக்கு அஞ்சாத இந்த ஆள் சாராயக்கடையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு கேட்பான். அந்தத் தம்ளரைக் கையில் எடுக்கும்போது அவனுக்குள் ஒரு சிறுவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். அப்பா செத்த நாளோடு நின்றுபோன சிறுவன்.

அந்த முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாமுராய்க்கு அடையாளமே உச்சிக்குடுமிதான். 1871-இல் மெய்ஜி அரசு குடுமியை விட்டுவிடலாம் என்று ஆணை போட்டது. 1876-இல் பொது இடத்தில் வாள் தரிப்பதையும் தடை செய்தது. ஐந்தே ஆண்டுகளில் ஒரு வர்க்கம் தலையிலும் இடுப்பிலும் இருந்ததை இழந்தது. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, உலகத்தின் மறுபக்கத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் முடியை நேராக்கி ஒடுக்கிவைப்பதை நிறுத்தினார்கள். 1960-களின் கடைசியில் அது இயல்பாக வளரும் வட்டத்தில் வளர விடப்பட்டது, அரசியலாகவும் ஆனது. கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வட்டம் மறக்காது. ஒகாசாகி செய்தது இதுதான்: ஒரு வர்க்கத்தின் தலையிலிருந்து இறக்கப்பட்ட கௌரவத்தின் இடத்தில், ஓர் இனம் தலைநிமிர்ந்து வளர்த்த முடியை வைத்தார். அதன்மேல் பட்டையைக் கட்டினார். எந்த வரலாற்றுப் பேராசிரியரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். கைக்கு அது தெரிந்திருந்தது.

ஜப்பானில் வாளேந்திய கறுப்பின மனிதர் வெறும் கற்பனையும் இல்லை. 1579-இல் அலெஸ்ஸாண்ட்ரோ வாலிக்னானோ என்ற இத்தாலிய ஏசுசபைத் துறவியோடு ஜப்பானுக்கு வந்த ஆப்பிரிக்கர் யாசுகே, 1581-இல் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவைச் சந்தித்து அவரிடம் பணியில் சேர்ந்தார். 1582-இல் ஹொன்னோஜி கோயிலில் நொபுனாகா துரோகத்தால் வீழ்ந்த நாளிலும் அவர் அருகில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று வரலாற்றில் பதிவு இல்லை. ஆனால் ஆஃப்ரோ, யாசுகேயின் வாரிசாக வந்தவன் இல்லை. அவன் இசைத்தட்டின் வழியாக வந்தவன்.

அந்த வழியை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீர்ந்ததே இல்லை. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520 எண் கட்டடம். அங்கே டிஜே கூல் ஹெர்க் இசைத்த விருந்திலிருந்து ஹிப்-ஹாப்பின் பிறப்பைக் கணக்கிடுகிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுவதுதான் ஹெர்க் வளர்த்தெடுத்த வித்தை. இதற்கு ஓராண்டு முன்னால், 1972-இல், ஒசாகாவின் மட்சுஷிட்டா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற சுழல்மேசையை வெளியிட்டிருந்தது. பல பழைய மேசைகளில் மோட்டாரிலிருந்து ரப்பர் பட்டை வழியாகத் தட்டு சுழலும். கையால் தட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் பட்டை வழுக்கும், வேகம் திரும்ப நேரமாகும். எஸ்எல்-1200-இல் மோட்டாரின் அச்சே தட்டைச் சுழற்றும். பிடித்து நிறுத்தி, இழுத்து, விட்டால் அடுத்த கணமே சரியான வேகம். வீட்டில் அமைதியாக இசை கேட்பவர்களுக்காகச் செய்த பொருள், தட்டைக் கையால் கீறி இசைக்கும் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ரோலண்டின் டிஆர்-808 தாள இயந்திரமும் ஜப்பானியப் பொருள்தான். 1980-இல் வந்தது. உண்மையான டிரம்ஸ் போல் ஒலிக்கவில்லை என்று பலரும் ஒதுக்கினார்கள். 1983-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். பழைய பொருள் கடைகளில் மலிவாக வந்து விழுந்ததை, கையில் காசில்லாத இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த அடிவயிற்றைத் தட்டும் ‘பூம்’ இன்றைக்கும் உலகமெங்கும் கேட்கிறது. பிறகு 1988-இல் அகாய் எம்பிசி-60. ரோஜர் லின் என்ற அமெரிக்கர் வடிவமைக்க, ஜப்பானிய நிறுவனம் செய்த சதுரப் பொத்தான் பெட்டி. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பொத்தானில் வைத்து விரலால் வாசிக்கலாம். தூசி, கீறல், பின்னணி இரைச்சல் எல்லாம் சேர்ந்தே வரும்.

ஆக, ஜப்பான் இயந்திரம் கொடுத்தது. நியூயார்க்கின் ஏழைத் தெருக்கள் அதில் இசை செய்தன. அந்த இசை கடல் தாண்டித் திரும்பப் போனது. 1983-இல் ‘வைல்ட் ஸ்டைல்’ என்ற ஹிப்-ஹாப் படம் டோக்கியோவுக்கு வந்தது, அதில் தோன்றிய கலைஞர்களும் நேரில் வந்து ஆடிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு யோயோகி பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் தரையில் சுழன்று ஆடத் தொடங்கினார்கள். டிஜே கிரஷ் போன்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இசைத்தட்டைத் தொட்டார்கள். மொழி புரியவில்லை. தாளம் புரிந்தது. போனவர், வந்தவர் யாரும் இதைத் திட்டமிடவில்லை.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். நியூயார்க்கின் 42-ஆம் தெருவில் மலிவான திரையரங்குகள் வரிசையாக இருந்தன. ஹாங்காங் குங்ஃபூ படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார்கள். வாயசைவும் குரலும் பொருந்தாத ஆங்கில டப்பிங். அந்த இருட்டில் உட்கார்ந்து வளர்ந்தவர் ரிஸ்ஸா. 1978-இல் ஷா பிரதர்ஸ் எடுத்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. 1993-இல் வூ-டாங் க்ளானின் முதல் இசைத்தொகுப்புக்கு அந்த 36 அறைகளின் பெயரையே வைத்தார்கள், தாங்கள் வாழ்ந்த ஸ்டேட்டன் தீவையே ஷாவோலின் என்று அழைத்தார்கள். அநாதரவான ஒருவன் ஒரு வாசலுக்குள் நுழைகிறான், அடிபடுகிறான், கற்கிறான், ஒருநாள் திரும்பி வருகிறான். அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதை சீனக் கதையாகத் தோன்றியிருக்காது. தன் கதையாகத்தான் தோன்றியிருக்கும்.

ஜப்பானும் அவர்களிடம் அதே வழியில் வந்தது. கஸுவோ கொய்கேயும் கோசெகி கோஜிமாவும் 1970-இல் தொடங்கிய ‘கொஸுரே ஓகாமி’ படக்கதை, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பழிவாங்க அலையும் ஒரு வாள்வீரனைப் பற்றியது. 1972-இல் அதைத் திரைப்பட வரிசையாக எடுத்தார்கள். முதல் இரண்டு படங்களை வெட்டி ஒட்டி ஆங்கிலம் பேசவைத்து 1980-இல் அமெரிக்காவில் ‘ஷோகன் அசாஸின்’ என்று வெளியிட்டார்கள். அதில் கதை சொல்வது அந்தக் குழந்தையின் குரல். 1995-இல் ரிஸ்ஸா தயாரித்த, அதே வூ-டாங் குழுவைச் சேர்ந்த ஜிஸ்ஸாவின் ‘லிக்விட் ஸ்வார்ட்ஸ்’ தொகுப்பு அந்தக் குழந்தைக் குரலோடுதான் தொடங்குகிறது. அப்பாவைப் பற்றிப் பேசும் ஒரு குழந்தை, பின்னால் மெல்ல எழும் தாளம். அடுத்து 1999-இல் ஜிம் ஜார்முஷ் ‘கோஸ்ட் டாக்’ எடுத்தார். சாமுராய் நெறிநூலான ஹகாகுரேவைப் படித்து அதன்படி வாழும் கறுப்பினக் கொலையாளியாக ஃபாரஸ்ட் விட்டேக்கர், இசை ரிஸ்ஸா. 2003-இல் ‘கில் பில்’ முதல் பாகம், அதிலும் ரிஸ்ஸா. ஆஃப்ரோ சாமுராயின் இசையறைக்குள் அவர் நுழைந்தபோது அது ஒப்பந்த வேலையாக இருந்திருக்க முடியாது. சின்ன வயசிலிருந்து அவர் நடந்த பாதையே அந்த வாசலில்தான் முடிந்தது.

எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு அண்ணன் இருந்தார். இரண்டு ஆண்டு சீனியர். அவருடைய ஹார்ட் டிஸ்க் அறை அறையாகப் போய்வரும், யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ரெசரக்‌ஷன் எனக்கு அதிலிருந்துதான் வந்தது. சண்டைக் காட்சிகளில் நான் வாய்பிளந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, பார்த்தது போதும். இப்ப கண்ணை மூடிட்டு ஒரு தடவை கேளுடா” என்றார். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். வாள் உறையிலிருந்து உருவும் ஓசையும் தாளத்தின் தட்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வந்தன. காற்று ஊளையிடும் இடத்தில் அடித்தாளம் நின்றுவிடும். நின்ற இடத்தில் பழைய இசைத்தட்டின் கரகரப்பு மட்டும் ஓடும். அந்தக் கரகரப்பு எனக்குள் என்னவோ செய்தது. நான் பிறப்பதற்கு முன்னால், நான் பார்த்தேயிராத ஊரில், யாரோ ஒருவர் வீட்டில் ஓடித் தேய்ந்த தட்டின் ஓசை அது. அதைக் கேட்டுத்தான் அந்த விடுதி அறையில் எனக்குத் தொண்டை அடைத்தது.

குரலுக்கு வருகிறேன். ஆஃப்ரோ பேசமாட்டான். ஒரு பகுதி முழுக்க அவன் சொல்லும் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணலாம். அவனோடு ஒருவன் கூடவே வருவான், நிஞ்ஜா நிஞ்ஜா. ஓயாத வாய். கிண்டல், வசை, பயம், புலம்பல், ஜம்பம் எல்லாம் கலந்து கொட்டும் தெருப்பேச்சு. அவன் பிறர் கண்ணுக்குத் தெரிகிறானா, இல்லை ஆஃப்ரோவின் மனசுக்குள் மட்டும் இருக்கிறானா என்பதே சந்தேகம். இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, சாமுவேல் எல். ஜாக்சன். சாமுராய் மரபு மௌனத்தை வீரமாகக் கொண்டாடியது. ஹிப்-ஹாப் பேச்சையே வீரமாக்கியது, மௌனமாக இருக்கும்படி அடக்கப்பட்டவர்கள் வாயைத் திறந்தபோது பிறந்தது அது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் குணங்கள். படத்தை எடுத்தவர்கள் இரண்டையும் சமரசம் செய்து நடுவில் ஒரு குணத்தை உண்டாக்கவில்லை. ஒரே தொண்டைக்குள் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒருவன் வாளை உருவுவான், மற்றவன் பேசிக்கொண்டே இருப்பான். கலாச்சாரக் கலப்பு என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். அரைப் பங்கு இது, அரைப் பங்கு அது என்று அளந்து ஊற்றியவைதான் அதிகம். இதைப் போல் இரண்டு முழுமைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

ரெசரக்‌ஷனின் கதை பழிக்குப் பழி. அப்பாவைக் கொன்றவனைக் கொன்று முதல் பட்டையைப் பெற்ற ஆஃப்ரோ, வாளை விட்டுவிட்டு மரச்சிற்பம் செதுக்கிக்கொண்டு தனியே கிடக்கிறான். அவனைத் தேடி ஜின்னோ வருகிறான், அன்றைய வாள்பள்ளித் தோழன். செத்தான் என்று நினைத்தவன், பாதி இயந்திரமாகி, தலைக்குக் கரடிப் பொம்மையின் தலையை மாட்டிக்கொண்டு நிற்கிறான். கூட அவனுடைய தங்கை சியோ. சின்ன வயசில் ஆஃப்ரோவைப் பிரியத்தோடு பார்த்த அதே சியோ. இப்போது லூசி லியூவின் குரலில் அவள் பேசும்போது அந்தப் பிரியம் எங்கே போய் என்னவாகித் திரும்பியிருக்கிறது என்று கேட்கிறது. அவர்கள் பட்டையைப் பறிக்கிறார்கள், அவன் அப்பாவின் எலும்பையும் எடுத்துப்போகிறார்கள். செத்தவரைத் திரும்ப எழுப்பி, அவரை வதைத்து, அதை மகனைப் பார்க்கவைப்பதுதான் சியோவின் பழி.

பழைய ஜப்பானில் பழிவாங்கலுக்குச் சட்டம் இருந்தது. எடோ காலத்தில் அதைக் கதாகிஉசி என்றார்கள். தந்தை, தலைவன் போன்ற மூத்தவர் கொல்லப்பட்டால் மட்டுமே பழி எடுக்கலாம். முன்கூட்டியே அதிகாரிகளிடம் பதிந்து அனுமதி வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த பழிக்கு எதிர்ப்பழி கிடையாது. அங்கே கணக்கு முடிந்தது. 1873-இல் மெய்ஜி அரசு பழிவாங்கலையே தடை செய்தது. ரெசரக்‌ஷன் அந்த முடிந்த கணக்கைத் திறக்கிற படம். ஜின்னோவும் சியோவும் எடுப்பது எதிர்ப்பழி, பழைய சட்டம் ஒருபோதும் அனுமதிக்காத சங்கிலி. பட்டைகளின் விதியோ அந்தச் சட்டத்தின் இன்னொரு வடிவம் போலவும், நியூயார்க்கின் தெருமுனையில் முதலிடத்துக்காக வார்த்தைகளால் மோதிக்கொள்ளும் இளைஞர்களின் விதி போலவும் இருக்கிறது. முதலாமவனை எதிர்க்க, முதலில் இரண்டாமவனாக வேண்டும். வரிசை தவறக் கூடாது.

எழுந்து வருகிற அப்பாவைப் பற்றித்தான் நான் அதிகம் நினைத்திருக்கிறேன். ரொக்குதாரோ வருகிறார். அதே உடல், அதே வலிமை. ஆனால் அவருக்கு மகனைத் தெரியவில்லை. உயிர்ப்பித்த சியோவும் அவருடைய வெறிக்குத் தப்பவில்லை. வாழ்நாளெல்லாம் அப்பாவுக்காகவே நடந்தவன், கடைசியில் அப்பாவின் உடம்பை எதிர்த்தே வாளெடுக்க வேண்டியிருக்கிறது. பழியும் ஏக்கமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று இந்தப் படம்தான் எனக்குக் காட்டியது. இரண்டுமே போனதைத் திரும்பக் கேட்கின்றன. பழி கேட்பவன் கையில் வாள் இருக்கிறது, ஏங்குபவன் கையில் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

குறையே இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். ரத்தம் தேவைக்கு மேல் பீறிடுகிறது. படத்தை எடுத்தவர்கள் பெண் பாத்திரங்களின் முகத்தை விட உடம்பை அதிகம் பார்க்கிறார்கள். 2007 தொடரில் இருந்த இறுக்கம் இதில் நடுவில் தளர்கிறது. ஆனாலும் இகேடாவின் பின்னணிகளில் இருக்கிற அந்த வெறிச்சோடிய தெருக்கள், சாம்பல் பூத்த வானம், பாதி இடிந்த நகரங்கள் இந்தக் கதைக்குத் தேவையான தனிமையை வேறு எந்த வசனமும் இல்லாமல் தந்துவிடுகின்றன.

அந்தக் காலத்தில் இது மட்டும் தனியாக நிற்கவில்லை. 2004-இல் ஷினிசிரோ வதனாபே ‘சாமுராய் சாம்ப்ளூ’ எடுத்தார். மாங்லோப் ஸ்டுடியோ, 26 பகுதிகள். சூரியகாந்தி மணம் வீசும் சாமுராயைத் தேடும் ஒரு பெண்ணும், ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் துடிக்கும் இரண்டு வாள்காரர்களும் எடோ கால ஜப்பானின் குறுக்கே நடக்கிறார்கள். மதிலில் கிராஃபிட்டி எழுதுகிறார்கள், வாயாலேயே தாளம் போடுகிறார்கள். ஃபேட் ஜான், சூச்சியே, ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர் ஆகியோரோடு அதற்கு இசை தந்தவர் நுஜாபெஸ். ஷிபுயாவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர். பியானோ, புல்லாங்குழல், அவற்றின் கீழே கரகரக்கும் மெல்லிய தாளம். ஆஃப்ரோ சாமுராயின் இசை கத்தியென்றால் நுஜாபெஸின் இசை அந்தக் கத்தியைக் கழுவும் தண்ணீர்.

நுஜாபெஸ் பிறந்தது 1974 பிப்ரவரி 7. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் அதே ஆண்டு அதே நாளில் பிறந்தவர் ஜே டில்லா, அகாய் பெட்டியில் விரல் வைத்து ஹிப்-ஹாப்பின் நடையையே மாற்றியவர். டில்லா 2006 பிப்ரவரியில் நோயால் இறந்தார், வயது 32. நுஜாபெஸ் 2010 பிப்ரவரியில் டோக்கியோவின் விரைவுச்சாலையில் நடந்த விபத்தில் இறந்தார், வயது 36. ஒகாசாகியும் அதே 1974-இல் பிறந்தவர். ஒரே ஆண்டில் இரண்டு கரைகளில் பிறந்து, தூரத்திலிருந்தே ஒரே இசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

பிறகு ஒவ்வொன்றாகக் கலைந்தது. ரெசரக்‌ஷன் வந்த அதே 2009-இல் கோன்சோ நஷ்டத்தில் மூழ்கிப் பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2010-இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தயாரிப்பும் நின்றது. ரசிகர்களின் வற்புறுத்தலால் 2016-இல் மீண்டும் வந்தது, ஆனால் ஏழைப் பிள்ளைகள் வாங்கும் விலையில் இல்லை. 2015-இல் மாங்லோப் திவாலானது. 2018-இல் ஸ்பைக் சேனலின் பெயரே போய் வேறு பெயர் வந்தது. ஆஃப்ரோ சாமுராயை மனித நடிகர்களை வைத்து எடுக்கப்போவதாக 2011-இல் அறிவித்தார்கள், வரவில்லை. விடுதி அண்ணன் வெளிநாடு போனார், தொடர்பு அறுந்துவிட்டது.

இன்று இதெல்லாம் பெரிய அளவில், பெரிய பணத்தோடு நடக்கிறது. 2021-இல் நெட்ஃப்ளிக்ஸில் ‘யாசுகே’ வந்தது. பிராங்க்ஸில் பிறந்து ஜப்பானுக்குப் போய் வேலை செய்த லெஷான் தாமஸ் உருவாக்கியது, ஃப்ளையிங் லோட்டஸ் இசை, மாப்பா ஸ்டுடியோ. கறுப்பினக் கலைஞர் ஒருவரே தன் கதையைத் தானே ஜப்பானிய ஸ்டுடியோவில் எடுத்துச் சொல்கிறார். இது வரவேண்டிய மாற்றம், வந்ததில் எனக்கு மனசார மகிழ்ச்சி. ஆனாலும் பார்த்து முடித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்ததே என்ற ஒரு வெறுமை. டிஷ்யூ பெட்டியில் வரைந்த பையனிடம் இருந்த பசி, வாயசைவு பொருந்தாத படத்திலிருந்து ஒரு வாழ்க்கைநெறியையே எடுத்துக்கொண்ட ஸ்டேட்டன் தீவுப் பையனிடம் இருந்த பசி, அந்த ஒழுங்கில் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் அரைகுறையாகத்தான் அறிந்திருந்தார்கள். மீதியை அன்பால் நிரப்பினார்கள். எல்லாம் ஒரு சொடுக்கில் கிடைக்கும்போது நிரப்புவதற்கு இடமே இருப்பதில்லை.

அதைவிட வருத்தம், நுஜாபெஸின் ஓசைக்கு நேர்ந்தது. இணையத்தில் இரவும் பகலும் ஓடும் மெல்லிசை ஓடைகளில் அந்தப் பியானோவும் கரகரப்பும் இன்று எங்கும் கேட்கின்றன. பரீட்சைக்குப் படிக்க, தூங்க, மின்னஞ்சலுக்குப் பதில் எழுத. கேட்கிறார்கள் என்று சொல்வதே தவறு, பின்னால் ஓடவிடுகிறார்கள். ஒரு மனிதர் தட்டுத் தட்டாகத் தேடி, துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்த இசை, கேட்காமல் இருப்பதற்காகப் போடப்படும் இசையாகிவிட்டது. கரகரப்பைக்கூட இப்போது கணினியில் தனியாகச் சேர்க்கிறார்கள். தேயாத தட்டுக்குத் தேய்ந்த ஓசை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து வந்த ரொக்குதாரோவின் ஞாபகம் வருகிறது. உடம்பு அதேதான், ஆள் இல்லை.

ரெசரக்‌ஷனின் முடிவில் கோதாரோ என்ற சிறுவன் ஆஃப்ரோவின் எதிரில் நிற்கிறான். அவனை வளர்த்த அப்பாவையும் ஆஃப்ரோ கொன்றிருக்கிறான். ஆஃப்ரோ மன்னிப்புக் கேட்கவில்லை, தத்துவம் பேசவில்லை. இரண்டாம் பட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு, தயாரானதும் வா என்கிறான். ஒரு சாமுராய் இப்படிச் செய்வானா என்று தெரியாது. ஆனால் ஹிப்-ஹாப் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: மைக்கை அடுத்தவன் கையில் கொடுக்கிறான்.

இதைப் படிக்கிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் 2007-இன் ஐந்து பகுதிகளையும் பாருங்கள், பிறகு ரெசரக்‌ஷன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேண்டாம். ஆங்கில ஒலியோடு பாருங்கள், ஜாக்சனின் இரண்டு குரல்களும் அதில்தான் இருக்கின்றன. பிறகு ‘லிக்விட் ஸ்வார்ட்ஸ்’ கேளுங்கள், ‘சாமுராய் சாம்ப்ளூ’வின் இசையைக் கேளுங்கள். கேட்கும்போது வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள்.